கொலிஸ்டினை நிறுத்தி ஆண்டுகள் ஆன பின்னும் எதிர்ப்பு மரபணு ஏன்?

கேள்வி: நாமக்கல் பக்கம் முட்டைக்கோழிப் பண்ணை வைத்திருக்கிறேன். ஏற்றுமதிக்கு முட்டை எடுக்கும் வியாபாரி மாதிரிகள் எடுத்து, கிருமிகளின் மரபணுத் தொகுதியை முழுவதும் படித்து அறிக்கை தந்திருக்கிறார். குஞ்சு இறங்கிய அன்று பெட்டிக் காகிதத்தில் எடுத்த சால்மோனெல்லாவுக்கும் ஆறு வாரம் கழித்துக் குஞ்சு செட் தூசியில் எடுத்ததற்கும் 3 எழுத்து (டி.என்.ஏ-வின் அலகு) வித்தியாசம். கூண்டு செட்டில் எடுத்தது 240 எழுத்து விலகியது என்று எழுதியிருக்கிறது. கூண்டு செட்டின் ஈ.கோலை என்ற குடல் கிருமியில் எம்சிஆர்-1 (கொலிஸ்டின் மருந்துக்கு எதிர்ப்புத் தரும் மரபணு), டெட்-ஏ ஆகிய இரண்டு மரபணுக்களும் ஒரே பிளாஸ்மிடில் உள்ளனவாம். 2019-க்குப் பிறகு நாங்கள் கொலிஸ்டினைத் தொட்டதே இல்லை. குஞ்சு வந்த முதல் 5 நாள் தண்ணீரில் ஆக்சிடெட்ராசைக்ளின் மட்டும் கொடுப்போம். கோழிகள் நலமாகவே உள்ளன. என்ன செய்ய வேண்டும்?

பதில்: கோழிகள் நலமாக இருப்பதில் வியப்பில்லை. சால்மோனெல்லாவின் பல வகைகளும் ஈ.கோலையும் கோழியின் குடலில் எந்தத் தொல்லையும் தராமல் தங்கியிருந்து, முட்டை ஓட்டிலும் இறைச்சியிலும் ஒட்டிக்கொண்டு சமையலறைக்குப் போய் மனிதருக்கு நோய் தரக்கூடியவை. இது மருந்து எச்சம் பற்றிய அறிக்கை அன்று என்பதையும் முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். முட்டையில் துளி மருந்துகூட மிஞ்சாத பண்ணையிலும், மருந்துக்கு அடங்காத கிருமி கோழி எச்சத்தில் இருக்க முடியும்.

ஆய்வகத் தட்டில் மருந்து வில்லைகளை வைத்துப் பார்க்கும் பழைய சோதனை, எந்த மருந்து பலிக்காது என்று சொல்லுமே தவிர, கிருமி எங்கிருந்து வந்தது என்று சொல்லாது. சால்மோனெல்லாவின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 48 லட்சம் எழுத்துகள் கொண்டது. அதில் 3 எழுத்து மட்டுமே மாறியிருந்தால், இரண்டும் அண்மையில் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை என்று கொள்வது வழக்கம். எழுத்து வித்தியாசம் மட்டும் திசையைக் காட்டாது. ஆனால் உங்கள் காகிதம் குஞ்சு இறங்கிய அன்றே எடுக்கப்பட்டதால், கிருமி குஞ்சுகளோடோ பெட்டியோடோ வண்டியோடோ வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அறிக்கையைப் பொரிப்பகத்தாரிடம் காட்டுங்கள். சண்டைக்குப் போக வேண்டாம். கூண்டு செட்டின் கிருமி 240 எழுத்து விலகி நிற்பதால் அதற்கு வேறு மூலம் இருக்கிறது, எலி, தீவனம், பழைய பேட்ச் என்று அதை உங்கள் பண்ணைக்குள்ளேயே தேட வேண்டியிருக்கும்.

உங்கள் முதன்மையான ஐயம் எம்சிஆர்-1 பற்றியது. கொலிஸ்டின், வேறு மருந்துகள் கைவிட்ட நிலையில் தீவிர சிகிச்சைப் பிரிவில் மனிதருக்குக் கொடுக்கப்படும் மருந்து. அதற்கான எதிர்ப்பு ஒரு கிருமியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது என்பது 2015 நவம்பரில், சீனாவின் பன்றிகளிலும் இறைச்சியிலும் கண்ட ஈ.கோலை வழியாகத் தெரியவந்தது. டென்மார்க்கில் புதிய மாதிரி எதுவும் எடுக்காமல், ஏற்கெனவே படித்து வைத்திருந்த மரபணுத் தொகுதிகளைக் கணினியில் தேடினார்கள். சில ஆண்டுகளுக்கு முன் இறக்குமதியான கோழி இறைச்சியின் கிருமியிலும், ஒரு நோயாளியின் இரத்தத்தில் கண்ட கிருமியிலும் அதே மரபணு கிடைத்தது. அறிக்கையை எறிந்துவிடாமல் வைத்திருங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். இந்தியாவில் உணவுக்கான விலங்குகளுக்குக் கொலிஸ்டின் 2019 ஜூலையில் தடை செய்யப்பட்டது.

நீங்கள் நிறுத்திய பின்னும் அது நீடிப்பதற்கான விடை 'ஒரே பிளாஸ்மிடில்' என்ற சொற்களில் இருக்கிறது. பிளாஸ்மிட் என்பது கிருமிக்குள் தனியே இருக்கும் சிறு மரபணு வளையம். பிற கிருமிகளுக்கும் கைமாறும். டெட்-ஏ, ஆக்சிடெட்ராசைக்ளின் உள்ளிட்ட டெட்ராசைக்ளின் வகை மருந்துகளைத் தாங்கும் மரபணு. எனவே முதல் 5 நாள் நீங்கள் தண்ணீரில் கலக்கும் மருந்து அந்த வளையம் உள்ள கிருமிகளை மட்டும் பிழைக்க வைத்து, கொலிஸ்டின் எதிர்ப்பையும் சேர்த்தே காப்பாற்றுகிறது. நோய் இல்லாத குஞ்சுக்குப் பழக்கத்தினால் கொடுக்கும் இந்த மருந்தை நிறுத்துவதே என் முதல் பரிந்துரை. மருந்தின் அழுத்தம் நீங்கினால் பலன் உண்டு: சீனா 2017-இல் தீவனத்தில் வளர்ச்சிக்காகக் கொலிஸ்டின் சேர்ப்பதை நிறுத்திய பின், பன்றிகளில் கொலிஸ்டினுக்கு அடங்காத ஈ.கோலையின் விகிதம் 34 சதவீதத்திலிருந்து சுமார் 5 சதவீதமாக இறங்கியது.

இந்த மரபணுப் பட்டியலை மட்டும் பார்த்து மருந்து தேர்ந்தெடுக்க வேண்டாம். மரபணு இருந்தும் வேலை செய்யாமல் போவதுண்டு. பட்டியலில் இல்லாத காரணத்தால் எதிர்ப்பு வருவதும் உண்டு. கழிச்சல் போன்ற நோய் கண்டால் கால்நடை மருத்துவரிடம் காட்டி, கிருமியை வளர்த்துச் சோதித்த பின்பே மருந்து கொடுங்கள். எம்சிஆர்-1 உண்மையில் செயல்படுகிறதா என்று அறிய விரும்பினால், வில்லைச் சோதனை போதாது. கொலிஸ்டின் அந்தத் தட்டில் சரியாகப் பரவாது. திரவத்தில் மருந்தைப் படிப்படியாக நீர்த்துப் பார்க்கும் முறையைக் கேளுங்கள்.

அடுத்த பேட்ச் வருமுன் குஞ்சு செட்டின் தூசியையும் பழைய எருவையும் முழுவதும் அகற்றி, கழுவி, நன்கு காயவிட்டு, அதன் பிறகே கிருமிநாசினி தெளியுங்கள்; ஈரமும் அழுக்கும் இருக்கும்போது தெளிக்கும் மருந்து வீண். தண்ணீர்க் குழாயின் உட்புறப் பாசியையும் மறக்க வேண்டாம். இரண்டு செட்டுக்கும் தனித்தனிச் செருப்பு வையுங்கள். எந்த பேட்சுக்கு, எந்தத் தேதியில், எந்த மருந்து எவ்வளவு என்று ஒரு நோட்டில் எழுதி வாருங்கள். புதிய குஞ்சு இறங்கும் அன்று பெட்டிக் காகிதத்தையும், ஆறாவது வாரத்தில் தூசியையும் முன்போலவே மறுபடி அனுப்புங்கள்; வரும் முடிவை இந்த அறிக்கையோடு அருகில் வைத்துப் படிக்கலாம்.