சிவப்பு எந்த வழி வந்தது?

அன்புள்ள ஐயா,
மொட்டைமாடித் தொட்டிக் கறிவேப்பிலையில் ஒரு கறுப்பு வண்ணத்துப்பூச்சி முட்டையிட்டது. இறக்கையில் வெள்ளைப் புள்ளி வரிசைதான், சிவப்புத் திட்டு இல்லை. வளர்த்ததில் மூன்று அதே போல. இரண்டு சிவப்பும் வெள்ளையுமாக. மூன்று ஆண், இரண்டு பெண் என்று குறித்திருக்கிறேன். தாயிடம் இல்லாத சிவப்பு எப்படி வந்தது? செடி மொட்டையாகிவிட்டது, பிழைக்குமா?
- வி., பெரம்பூர்

அன்புள்ள வி.,

செடி தளிர்த்துவிடும், விடுங்கள். ஐந்தையும் இறக்கை விரியும்வரை காப்பாற்றினீர்களே, சபாஷ்.

ஆனால் நிறத்தைப் பார்த்தா ஆண் என்று எழுதினீர்கள்? முட்டையிட்ட தாயே ஆண் நிறத்தில்தானே வந்தாள்! இறக்கை உலர்ந்தபின் நான்கு இறக்கைகளையும் சேர்த்து மெல்லப் பிடித்து வயிற்று நுனியைப் பாருங்கள். ஆணுக்கு இரு பக்கமும் தகடுகள் சிப்பி போல மூடியிருக்கும், நடுவே பிளவு தெரியும். பெண்ணுக்கு அது கிடையாது.

வந்தது கறிவேப்பிலை அழகி. அதன் பெண்களில் சில ஆணைப் போலவே இருக்கும். சில, ரோஜா அழகி என்ற நஞ்சுள்ள வேறொரு வண்ணத்துப்பூச்சியின் வேஷம் போடும். அசலுக்கு உடம்பும் சிவப்பு. வேஷக்காரிக்கு உடம்பு கறுப்பு.

சிவப்பைக் கொடுத்தது தகப்பன். பெண்ணிடம் மட்டும் தெரிவது தாய்வழிச் சொத்து என்ற நினைப்பை எத்தனை தடவை மறுத்தாலும் போகமாட்டேன் என்கிறது. வேஷத்தைத் தீர்மானிப்பது டபுள்செக்ஸ் மரபணு என்று கிருஷ்ணமேக் குண்டேயும் சக ஆய்வாளர்களும் 2014-இல் காட்டினார்கள். பூச்சிகளில் ஆணுடலா பெண்ணுடலா என்று பிரிக்கிற மரபணுவும் அதுவேதான். அதன் வேஷ வடிவம் ஆணிடமும் இருக்கலாம். அவன் இறக்கையில் வெளிப்படாது, அவ்வளவுதான். இந்த மரபணு தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியாக வரும். மகளுக்கு வேஷப் பிரதி ஒன்று போதும். உங்கள் தாய்ப்பூச்சியிடம் ஒன்றுகூட இல்லை, இருந்தால் அவளே சிவந்திருப்பாள். தகப்பனிடம் இரண்டு இருந்தால் மகள்கள் அத்தனை பேரும் வேஷக்காரிகள். ஒன்று என்றால் ஏறக்குறையப் பாதிப் பேர். மகன்கள் எப்படியும் கறுப்புதான். இலங்கையில் ஃபிரையர் என்ற ஆய்வாளர் தலைமுறை தலைமுறையாக வளர்த்துப் பார்த்து 1913-லேயே இந்தப் பூச்சியின் மரபுக் கணக்கை எழுதிவிட்டார். நாம் இன்னும் தாயையே கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஐந்தை வைத்துக் கணக்குப் போட முடியாது. அடுத்த முறை இதே போலச் சிவப்பில்லாத ஒரே தாயின் முட்டைகளைத் தனி டப்பாவில் வையுங்கள். புழுவாக எடுத்தால் ஒட்டுண்ணிக் குளவி ஏற்கெனவே முட்டையிட்டிருக்கலாம். கடைக் கறிவேப்பிலை வேண்டவே வேண்டாம்; மருந்தடித்த இலையென்றால் புழு சுருண்டுவிடும். எச்சத்தைத் தினமும் துடைத்தெடுங்கள், ஈரம் தேங்கினால் பூஞ்சை வரும். கூட்டுப்புழு ஒட்ட செங்குத்தான குச்சி வையுங்கள். வெளிவந்ததும் இறக்கையைத் தொங்கவிட இடமில்லையென்றால் மடங்கியபடியே காய்ந்துவிடும்.

பிறகு நுனி பார்த்து மகள்களை மட்டும் எண்ணுங்கள். சிவப்பு மகள்களுக்கு நடுவே ஒரே ஒரு கறுப்பு மகள் வந்தாலும், தகப்பனிடம் இருந்தது ஒரு பிரதிதான் என்று எழுதிவிடலாம்.