பூமரம் கேட்டவை: இம்மாதக் கேள்விகள்

கேள்வி: வீட்டு முன்னாலுள்ள சரக்கொன்றை ஒரு பக்கம் மட்டும் மஞ்சளாகி இலை உதிர்கிறது. பருவம் தவறிப் பூக்கவும் செய்கிறது. யூரியா போட்டும் தேறவில்லை. எங்கள் தாமான் பழைய ரப்பர் தோட்டத்து நிலம்.
- வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: நிலத்தின் பழைய கதையை எழுதினீர்களே, பாதி விடை அதிலேயே இருக்கிறது. யூரியாவை நிறுத்துங்கள்; கோளாறு வேரில் இருக்க வாய்ப்பு அதிகம். அடிமரத்தைச் சுற்றி ஒரு சாண் ஆழத்துக்கு மண்ணைக் கையால் விலக்கிப் பாருங்கள். வேர்ப்பட்டையோடு ஒட்டிய தட்டையான வெள்ளை இழைகள் தெரிந்தால் அது வெள்ளை வேர் நோய். இலைச்சருகில் வளரும் சாதாரணப் பூஞ்சை விரலால் தேய்த்தாலே போய்விடும். இது போகாது. முற்றிய நிலையில் அடிமரத்தில் ஆரஞ்சு நிறக் காளான் தட்டுத் தட்டாக முளைக்கும்.

மண்ணில் புதைந்த ரப்பர் அடிக்கட்டைதான் இதற்குச் சோறு. அங்கிருந்து வேருக்கு வேர் தொட்டுப் பரவும். ரப்பரோடு பலா, கொக்கோ, மரவள்ளியையும் விடாது. ஆகவே மருந்தை விடக் கட்டையைத் தோண்டி எடுப்பதே முக்கியம்.

அடிமரப் பட்டையில் பாதிக்கு மேல் நல்லபடி இருந்தால் காப்பாற்றிப் பார்க்கலாம். செத்த வேர்களை வெட்டி எடுங்கள், மற்ற வேர்களில் ஒட்டிய இழைகளைச் சுரண்டுங்கள். பிறகு ஹெக்ஸகோனசோல் மருந்தைப் புட்டியில் எழுதியிருக்கும் அளவில் கரைத்து, அடிமரத்தைச் சுற்றி 2 லிட்டர் ஊற்றுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபடி தோண்டிப் பாருங்கள். இழை இருந்தால் இன்னொரு முறை ஊற்றுங்கள். பக்கத்து மரத்துக்குப் போகாமலிருக்க நடுவில் 60 செ.மீ. ஆழத்துக்குக் கால்வாய் வெட்டுவது நல்லது.

பாதிக்கு மேல் அழுகியிருந்தால் தயங்காமல் வெட்டிவிடுங்கள். தலை பச்சையாக இருக்கும்போதே காற்றுக்குச் சாயும். கூரை பக்கம் என்றால் இன்னும் மோசம். வேர்த்துண்டுகளை மண்ணில் விடாமல் பொறுக்கி, தரையில் படாமல் வெயிலில் காய வையுங்கள். கொளுத்த வேண்டாம், திறந்தவெளி எரிப்பு சட்டப்படி குற்றம். அதே குழியில் உடனே மரம் வைக்காமல், கொஞ்ச காலம் கல்வாழை போடுங்கள்.

கேள்வி: கெம்போஜா இலையின் அடியில் ஆரஞ்சுப் பொடி. மரம் செத்துவிடுமா?
- வாசகர், பகாவ்

பதில்: சாகாது. இது துரு நோய். இலையைக் கொட்டவைத்து மரத்தை அசிங்கமாக்கும், அவ்வளவுதான். விழுந்த இலையை அன்றன்றே கூட்டிப் பையில் கட்டிப் போடுங்கள், தண்ணீரை வேரில் மட்டும் விடுங்கள். நெருங்கிய கிளைகளைக் கழித்தால் காற்றுப் புகுந்து ஈரம் சீக்கிரம் உலரும். மான்கோசெப் என்ற பூஞ்சை மருந்தை அடிப்பதானால் இலையின் அடிப்பக்கம் நனைய வேண்டும். மேலே மட்டும் அடித்துவிட்டு மருந்து வேலை செய்யவில்லை என்பவர்களே அதிகம். வந்த புள்ளியை அது அழிக்காது, புது இலையைத்தான் காக்கும்.

கேள்வி: கிளை வெட்டிய இடத்தில் பெயிண்ட் பூசலாமா?
- வாசகர், கூலிம்

பதில்: வேண்டாம். உள்ளே ஈரம் தங்கி அழுகலுக்கே உதவும். கிளை தொடங்கும் இடத்தில் புடைத்த வளையம் இருக்குமே, அதை விட்டு வெளியே வெட்டுங்கள், மரமே மூடிக்கொள்ளும்.