கண்ணாடிக்குப் பின்னால் வைத்த வெப்பப்படக் கேமராவில் ஆள் தெரியாதது ஏன்?

ஜன்னலுக்கு உள்ளே வைத்த வெப்பப்படக் கேமராவில் முற்றத்தில் நடப்பவர் தெரியவில்லை என்கிறீர்கள். கேமராவைக் கண்ணாடிக்கு வெளியே பொருத்துவதுதான் தீர்வு, அமைப்புகளை மாற்றிப் பயனில்லை.

இக்கேமராக்கள் பெரும்பாலும் 8 முதல் 14 மைக்ரோமீட்டர் அலைநீளமுள்ள வெப்பக் கதிர்களைப் பதிவு செய்கின்றன. சாதாரணக் கண்ணாடி அவற்றை ஊடுருவ விடாது. லென்ஸை ஜெர்மானியம் போன்ற விலையுயர்ந்த பொருளில் செய்வதும் அதனால்தான். திரையில் மங்கலாகத் தெரியும் உருவம் அநேகமாக உங்களுடைய பிரதிபலிப்பாகவே இருக்கும்.

சோதித்துப் பார்க்க, ஜன்னலைத் திறந்து, வெளியே ஒரு குவளை வெந்நீரை வையுங்கள். திரையில் அது பளிச்சென்று தெரியும். பிறகு ஜன்னலை மூடுங்கள். குவளை மறைந்துவிட்டால் கேமராவில் பழுதில்லை. வெளியே பொருத்தும்போது கண்ணாடி முகப்புள்ள மழைக்கூட்டுக்குள் வைத்துவிடாதீர்கள், பழைய கதைதான்.

கும்மிருட்டில் ஆள் நடமாட்டத்தைக் காட்டுவதில் இதற்கு நிகரில்லை என்றாலும், முகத்தையோ வண்டி எண்ணையோ இதில் படிக்க முடியாது. தரையும் சுவரும் உடல் வெப்பநிலையை நெருங்கும் கடும் வெயிலில், நிற்பவர் பின்னணியோடு கலந்துவிடுவதும் உண்டு. வந்தவர் யார் என்று தெரிய வேண்டுமானால், அருகில் சாதாரணக் கேமரா ஒன்றும் இருந்தாக வேண்டும்.