டெர்மினலில் மின்னஞ்சல் படிக்க மட் நல்லதா, ஆல்பைன் நல்லதா? தமிழ்க் கடிதங்கள் ஒழுங்காகத் தெரியுமா?

மட்டா ஆல்பைனா என்பதை அப்புறம் பார்க்கலாம். முதலில் உங்கள் டெர்மினலை, அதாவது கட்டளை தட்டும் சாளரத்தைப் பாருங்கள். நான் இதைத் தலைகீழாகச் செய்து ஒரு வாரத்தைத் தொலைத்தவன்.

எக்ஸ்டெர்ம் என்ற டெர்மினலில் மட் போட்டு, பட்டர்வொர்த்திலிருந்து அக்கா அனுப்பிய கடிதத்தைத் திறந்தேன். ‘கொண்டு வா’ என்ற இடத்தில் கொம்பு ககரத்துக்கு முன்னால் வராமல் தடுமாறி நின்றது. மட்டின் அமைவுக் கோப்பை எத்தனை முறை திருத்தினேன் தெரியுமா? பாவம், மட் மேல் தப்பே இல்லை. யூனிகோடில் உயிர்க்குறி மெய்யெழுத்துக்குப் பின்னால்தான் பதிவாகிறது. கொம்பை முன்னால் இழுத்து வரைய வேண்டியது டெர்மினல். எக்ஸ்டெர்முக்கு அது வராது. எம்எல்டெர்ம் என்ற இன்னொரு டெர்மினலுக்கு மாறினேன், எழுத்து நிமிர்ந்தது. கேடிஈயின் கான்சோல் (Konsole) டெர்மினலும் பரவாயில்லை. கணினியின் லோக்கேல், அதாவது மொழி, எழுத்து அமைப்பு, யூடிஎஃப்-8 ஆக இருக்கட்டும். அப்படியும் தமிழ் வரியில் கர்சர் ஓரிரு கட்டம் தள்ளி நிற்கும், பழகிவிடும்.

இனி நிரல். ஆல்பைன், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 1989இல் தொடங்கிய பைனின் வாரிசு. எந்த விசை எதற்கு என்று திரையின் அடியிலேயே எழுதியிருக்கும். புதியவருக்கு அதுதான் சுகம். 1995இல் வந்த மட்டில் அமைவுக் கோப்பை நீங்களே எழுத வேண்டும். எனக்கு மட்தான். எம்பிசிங்க் என்ற நிரலை வைத்துக் காலையில் கடிதங்களைக் கணினிக்குள் இறக்கிவிடுவேன். ஜார்ஜ்டவுனுக்குப் படகில் போகும்போது இணையம் அறுந்தாலும் படிக்கலாம், விம் என்ற உரைத் திருத்தியில் பதில் எழுதி வைக்கலாம். கரை ஏறியதும் எம்எஸ்எம்டிபி என்ற நிரல் அனுப்பிவிடும். வலைப்பக்கம் போல வரும் கடிதங்களுக்கு டபிள்யூ3எம் என்ற எழுத்து உலாவியைப் போட்டு, எதை எந்த நிரல் திறக்கும் என்று சொல்லும் மெயில்கேப் கோப்பில் ஒரு வரி சேருங்கள். படமாகவே வரும் விளம்பரங்கள் தெரியாது, நட்டமில்லை.

ஜிமெயில் என்றால் வழக்கமான கடவுச்சொல் செல்லாது. இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி, 16 எழுத்துச் செயலிக் கடவுச்சொல் எடுங்கள். போர்ட் எண், கடிதம் பெறும் ஐமேப்புக்கு 993, அனுப்புவதற்கு 587. அந்தக் கடவுச்சொல்லை அமைவுக் கோப்பில் அப்படியே எழுதாதீர்கள். ஜிபிஜி என்ற மறையாக்க நிரல் பூட்டிய கோப்பிலிருந்து மட் எடுத்துக்கொள்ளட்டும். நான் அப்படியே எழுதி, நண்பருக்கு ‘மாதிரிக்கு வைத்துக்கொள்’ என்று கோப்பை அனுப்பியும் விட்டேன். அன்றிரவே மாற்றினேன்.

நாள் முழுக்கத் தமிழ்க் கடிதம்தான் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு, ஈமேக்ஸ் என்ற உரைத் திருத்தியைத் தனிச் சாளரத்தில் திறந்து, அதற்குள் ஓடும் அஞ்சல் நிரலான மியூ4ஈ போடுங்கள். அங்கே கொம்பும் காலும் சொன்ன இடத்தில் நிற்கும்.