பாட்டாவின் மலை வரைபடம்: எதை நம்பலாம்?

கேள்வி: குமரி மாவட்டத் தடிக்காரன்கோணத்தில் எங்கள் வீட்டு மரப்பெட்டியில் பாட்டா (தாத்தா) வைத்திருந்த பழைய மலை வரைபடம் கிடைத்தது. மேலே ‘58 எச்/7’ என்று இருக்கிறது. உயரங்கள் மொபைல் காட்டுவதோடு ஒத்துப்போகவில்லை. படம் தவறா? இதை வைத்துக் கீரிப்பாறைக்கு மேலே நடக்கலாமா?

பதில்: உயரம் தவறில்லை, அது அடிக்கணக்கு. 2,000 என்றிருந்தால் 610 மீட்டர். உங்களிடம் இருப்பது சர்வே ஆஃப் இந்தியாவின் டோபோஷீட், அதாவது நிலத்தின் ஒரு மைலை ஓர் அங்குலமாகக் காட்டும் நில அமைப்புப் படம். ‘58 எச்/7’ அந்தத் தாளின் எண். இடமும் மொபைலோடு நூறு மீட்டருக்கு மேல் தள்ளித்தான் நிற்கும். அந்தக் காலத்தில் பூமியின் வடிவத்துக்கு ஜார்ஜ் எவரெஸ்ட் என்ற நில அளவையாளரின் கணக்கை எடுத்தார்கள். மொபைல் எடுப்பது வேறு கணக்கு.

படத்தின் வயதை அணைகளே சொல்லும். பேச்சிப்பாறை 1906-இல் முடிந்தது, பெருஞ்சாணி 1952-இல். முதல் நீர்த்தேக்கம் இருந்து இரண்டாவது இல்லையென்றால், சர்வே நடந்தது இடைப்பட்ட காலத்தில். ஓரத்தில் அச்சான ஆண்டை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்; சர்வே செய்த ஆண்டு தனியாக இருக்கும்.

இனி பழுப்புக் கோடுகளுக்கு வாருங்கள். இந்தப் படத்தின் உயிர் அங்கேதான். ஒரே உயரத்தில் உள்ள இடங்களை இணைக்கும் கோடுகள் அவை. நெருங்கி வந்தால் செங்குத்து, விலகினால் சரிவு குறைவு. ஓடையைக் கடக்கும் இடத்தில் ஒவ்வொரு கோடும் மேட்டுப் பக்கமாகக் குத்தி வளையும். மலைமுகட்டில் பள்ளத்தை நோக்கி வளையும். ஓர் ஓடையை விரலால் பிடித்து மேலே போய்ப் பாருங்கள், மலை எழுந்து நிற்பது தெரியும். இது இன்றைக்கும் பெரும்பாலும் அப்படியே பொருந்தும்.

ஆனால் படத்தில் விட்டுவிட்டு வரும் கோடுகளாக உள்ள ஒற்றையடிப் பாதைகளை நம்பி இறங்காதீர்கள். காட்டில் ஆள் நடக்காத பாதை சில மழைக்காலத்திலேயே மூடிவிடும். அதோடு, இந்தக் காட்டின் பெரும்பகுதி 2008 முதல் வனவிலங்கு சரணாலயம். வனத்துறை அனுமதி இல்லாமல் நுழையவே கூடாது.

தாளை என்ன செய்வது? கிழிந்த மடிப்பில் செல்லோடேப் ஒட்ட வேண்டாம், லேமினேஷனும் வேண்டாம். விரித்து ஸ்கேன் எடுத்து வையுங்கள்.

அப்புறம் ஒன்று. படத்தில் உள்ள இடப்பெயர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. பேச்சிப்பாறைப் பக்கம் காணிப் பழங்குடிப் பெரியவர் யாரையாவது தெரிந்தால் ஒரு நகலை எடுத்துப்போய் வாசித்துக் காட்டுங்கள். அவர் சொல்லும் பெயரை அந்த நகலிலேயே பென்சிலால் தமிழில் எழுதுங்கள்.