லிஸ்ப் படிக்க ஆரம்பித்து அடைப்புக்குறிகளில் சிக்கிக் கிடக்கிறேன், எப்படி மீள்வது?

லிஸ்ப் என்ற நிரல் மொழி பற்றிக் குன்னூரிலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: இவ்வளவு அடைப்புக்குறி எதற்கு, லிஸ்ப் என்ற பெயரில் இருக்கும் பல மொழிகளில் எதை எடுப்பது, (1 2 3) என்று தட்டினால் ஏன் பிழை வருகிறது, இதைப் படித்தால் வேலை கிடைக்குமா. கோத்தகிரியில் என் வீட்டுக்கு லீவில் வரும் காலேஜ் பிள்ளைகள் கேட்பதும் கிட்டத்தட்ட இதேதான். மூன்றாவது கேள்விதான் உண்மையான கேள்வி. மற்றவை அதைப் பிடித்துக்கொண்டே வந்துவிடும்.

முதலில் அடைப்புக்குறி. நம் பக்கம் எல்லோருக்கும் தெரிந்த தேயிலைக் கணக்கையே எடுப்போம். மூன்று நாள் பறித்த பச்சை இலை 42, 37, 55 கிலோ. மழை ஈரத்துக்கென்று ஃபேக்டரியில் கழித்தது 4 கிலோ. விலை கிலோ 20 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

(* 20 (- (+ 42 37 55) 4))

விடை 2600. செய்ய வேண்டிய வேலை எப்போதும் முதல் இடத்தில், எண்கள் அதற்குப் பின்னால், அவ்வளவுதான் இலக்கணம். உள்ளே இருப்பது முதலில் முடியும், வெளியே இருப்பது கடைசியில். பெருக்கல் முந்துமா கூட்டல் முந்துமா என்று எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம். மூன்று எண்ணைக் கூட்ட ஒரே ஒரு கூட்டல் குறி போதும், முப்பது எண் என்றாலும் அதே.

பிற மொழிகளிலிருந்து வருபவர்கள் வழுக்கும் இடம் ஒன்று இருக்கிறது. பைத்தானில் ஒரு அடைப்புக்குறி கூடுதலாகப் போட்டால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. லிஸ்பில் ஒவ்வொரு அடைப்புக்குறியும் ஒரு கட்டளை. ((+ 2 3)) என்று தட்டினால் லிஸ்ப் வகைகளில் ஒன்றான காமன் லிஸ்ப் ஏற்காது, ஏனென்றால் முதல் இடத்தில் செயலின் பெயர் இல்லை. (5 + 3) என்பதும் அதே காரணத்தால் விழும். (+1 5) இன்னும் வேடிக்கை. இடைவெளி விடாததால் +1 என்பதை அது ஒன்று என்ற எண்ணாகப் படித்துவிடும். பிழைச் செய்தி வந்தால் அடைப்புக்குறிகளை எண்ணாதீர்கள், முதல் இடத்தில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.

இப்போது (1 2 3) ஏன் விழுகிறது என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். 1 என்ற வேலையைச் செய் என்று சொல்லியிருக்கிறீர்கள், அப்படி ஒரு வேலை இல்லை. முன்னால் ஒற்றை மேற்கோள் குறி போட்டு '(1 2 3) என்று தட்டுங்கள், பட்டியல் அப்படியே திரும்பி வரும். 'இதைச் செய்யாதே, எழுதியதை எழுதியபடியே வைத்துக்கொள்' என்பதுதான் அந்தக் குறியின் பொருள். காமன் லிஸ்பை ஓட்டும் மென்பொருளான எஸ்பிசிஎல்லில் (SBCL) தமிழ்ப் பெயரும் செல்லும்: '(ஊட்டி குன்னூர் கோத்தகிரி) என்று தட்டிப் பாருங்கள், மூன்று ஊரும் திரும்ப வரும். குறியை விட்டுவிட்டால் ஊட்டி என்ற செயலைத் தேடப் போய்விடும்.

சரி, அடுத்து '(+ 2 3) தட்டுங்கள். 5 வராது, (+ 2 3) என்றே வரும். இப்போது அது வெறும் பட்டியல், அதன் முதல் உறுப்பு கூட்டல் குறி. அந்தப் பட்டியலை இவால் (eval) என்ற செயலிடம் கொடுத்தால் 5 வரும். நிரலும் பட்டியல், தரவும் பட்டியல். நிரலே இன்னொரு நிரலை எழுதும் மேக்ரோ என்ற வித்தைக்கு வழி இங்கேதான் திறக்கிறது. இந்த இடத்தில் ஒரு வாரம் தங்கினாலும் தப்பில்லை. வேகமாகத் தாண்டியவர்கள்தான் பிற்பாடு மேக்ரோவில் திண்டாடுகிறார்கள்.

இந்த அடைப்புக்குறி வடிவம் நிரந்தரம் என்று யாரும் திட்டமிடவில்லை. ஜான் மெக்கார்த்தி 1958-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் லிஸ்பைத் தொடங்கியபோது, மனிதர்கள் எழுதுவதற்கு வேறொரு எழுத்து முறையை மனதில் வைத்திருந்தார். இவால் என்பதை அவர் தாளில்தான் வரையறுத்தார். அதை ஐபிஎம் 704 கணினியில் ஓட வைக்க முடியும் என்று கண்டு எழுதிக் காட்டியவர் ஸ்டீவ் ரஸ்ஸல். அப்புறம் எல்லோரும் இந்த வடிவத்திலேயே எழுதப் பழகிவிட்டார்கள், திட்டமிட்டது ஓரமாகப் போயிற்று.

பிழை வந்ததும் பலர் பதறிப்போய் ஜன்னலையே மூடிவிடுகிறார்கள். எஸ்பிசிஎல் * என்ற குறியுடன் காத்திருக்கும், பிழை வந்தால் 0] என்று மாறும். அங்கே மறுபடி தப்பாகத் தட்டினால் 0[2] ஆகும், பிறகு 0[3]. பயப்பட ஒன்றுமில்லை, நிரல் விழுந்த இடத்திலேயே உங்களுக்காக நிற்கிறது. மேலே எண் போட்டு வழிகள் கொடுத்திருக்கும். மேல்மட்டத்துக்குத் திரும்பு என்ற வழியின் எண்ணைத் தட்டினால் பழைய * வந்துவிடும்.

எந்த லிஸ்ப்? பாடமாகப் படிக்க ராக்கெட், பெரிய வேலைக்குக் காமன் லிஸ்ப், ஜாவா உலகத்தில் இருந்தால் 2007-இல் வந்த குளோஜர். ஈமாக்ஸ் என்ற எடிட்டரில் ஏற்கெனவே எழுதுபவர் என்றால் அதற்குள்ளேயே ஒரு லிஸ்ப் இருக்கிறது, ஆட்டோகேட் என்ற மென்பொருளில் வரைபவருக்கு ஆட்டோலிஸ்ப். ஒன்றில் படித்த பாடத்தை அப்படியே இன்னொன்றில் தட்டாதீர்கள். (/ 10 4) என்பதற்குக் காமன் லிஸ்ப் 5/2 என்று பின்னமாகவே தரும், ஈமாக்ஸும் ஆட்டோலிஸ்பும் 2 என்று வெட்டிவிடும். இலைக் கணக்கில் இப்படி வெட்டினால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

என்னைக் கேட்டால் எஸ்பிசிஎல் எடுங்கள். இலவசம், சின்னது, ஒருமுறை இறக்கிவிட்டால் நெட் தேவையில்லை. காற்றுமழையில் மரம் விழுந்து லைன் போகிற ஊரில் அது சின்ன விஷயமில்லை. காமன் லிஸ்பின் முழு விவரமும் உள்ள ஹைப்பர்ஸ்பெக் என்ற கையேட்டையும் இறக்கி வைத்துக்கொள்ளலாம், ஆனால் முதல் நாளே அதைத் திறக்க வேண்டாம், மிரட்டிவிடும்.

வேலை? லிஸ்பை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். பிரேசிலின் நூபேங்க் என்ற வங்கி குளோஜரில் ஓடுகிறது, அப்படிச் சில இடங்கள் உண்டு, ஆனால் கோயம்புத்தூர் கேம்பஸ் இன்டர்வியூவில் உங்களிடம் ஜாவாவும் பைத்தானும்தான் கேட்பார்கள். அவற்றை விடாமல் படியுங்கள், லிஸ்பை ராத்திரி வைத்துக்கொள்ளுங்கள்.