மூன்றடித் தொட்டியில் சிக்லிட் விடலாமா?

வணக்கம். மூன்றடி மீன்தொட்டியில் நியோன் டெட்ராவும் கப்பியும் இருக்கின்றன, அதோடு ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிக்லிட் குடும்பத்து மீன் நாலையும் விடலாமா என்று கேட்டிருந்தீர்கள். விடாதீர்கள். மலாவி ஏரி மீனுக்குக் கடினநீர் வேண்டும், பிஎச் (தண்ணீரின் அமில-காரத் தன்மை) 8 பக்கம். நியோனுக்கோ மென்னீர்தான் ஒத்துப்போகும். சண்டை வேறு. சுங்கை சிப்புட்டில் தோட்டத்து வீட்டில் இருந்தபோது ஒரே ஒரு மஞ்சள் சிக்லிட்டை விட்டுப் பார்த்தேன். காலையில் கப்பிகளின் வாலெல்லாம் கிழிந்த கொடி மாதிரி தொங்கியது.

உங்களுக்குச் சாதுவான சின்ன மீன்களைச் சேர்த்து வளர்க்கும் கலப்புத் தொட்டிதான் சரி. நம் மலேசிய ஓடைகளிலேயே இருக்கும் ஹார்லிகுயின் ரஸ்போரா பத்து வாங்கி விடுங்கள். தொட்டியில் போட, காய்ந்த கெத்தாப்பாங் (நாட்டு வாதுமை) இலை ஒன்று போதும். தண்ணீர் தேயிலைச் சாயம் பிடிக்கும், பயப்படாதீர்கள். சிக்லிட் ஆசை விடவில்லையா, அதற்குத் தனித் தொட்டி, தண்ணீரைக் கடினமாக்க ஃபில்டரில் பவளக் கல். அப்புறம், ஏஞ்சல் மீனும் சிக்லிட்தான். வளர்ந்ததும் நியோனை விழுங்கிவிடும்.